வளர்த்திக்கு விட்ட துணி

செங்கமலத்துக்குத் தைக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், திருமானூர் வாத்தியார் வீட்டில் நெல் அவிக்கப் போனாள். அந்த வீட்டுப் பிள்ளை போட்டுக் கழித்த கவுன் ஒன்றைக் கொடுத்தார்கள். அக்குள் கிழிந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பிரித்த துண்டுகளை மண் தரையில் பரப்பி வைத்து, கை எது, கழுத்து எது, இடுப்பில் அந்தச் சுருக்கம் எப்படி வந்தது என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உலை வைக்க மறந்து போனாள். மறுநாள் அதே துண்டுகளைச் சேர்த்துத் தைத்தாள். அக்குளுக்கு உள்பக்கமாக ஓர் ஒட்டுக் கொடுத்தாள். தைத்து முடித்த கவுனைப் பார்த்துவிட்டு அவள் புருசன் தர்மன், "புதுசா வாங்கினியா?" என்று கேட்டான். அப்போது அவள் வயிற்றில் மூத்தவள் ஐந்து மாதம்.

அப்படித் தொடங்கியதுதான். திருமானூரிலிருந்து ஏலாக்குறிச்சி போகும் பஸ் நின்று போகிற சின்ன ஊர் அது. கொள்ளிடக் கரைக்குக் கூப்பிடு தூரம். நெல்லும் கரும்பும் விளையும். விளைகிற நிலம் எதுவும் அவர்களுடையதில்லை. தர்மன் கரும்பு வெட்டப் போவான். செங்கமலம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். இரண்டு மணிக்குக் கரையேறி வந்து, கால் சேற்றைக் கழுவிவிட்டு, வாசல் வேப்பமரத்தடியில் ஊசியோடு உட்கார்ந்துவிடுவாள். பொழுது சாய்ந்து ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை தைப்பாள். தையல் மிஷின் அவள் வீட்டில் கடைசி வரை இருந்ததில்லை.

பிள்ளைகள் இரண்டும் பெண். மூத்தவள் அமிர்தவல்லி, அமிர்தம் என்று கூப்பிடுவார்கள். மூன்று வருசம் கழித்துக் கொளஞ்சி. ஆண் பிள்ளை இல்லையே என்று யாராவது இழுத்தால் செங்கமலம் பதில் சொல்லமாட்டாள். நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கவே அவளுக்குக் கூச்சம். ஆனால் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினால், இரண்டு பிள்ளைகளையும் ஒரே துணியில் தைத்த பாவாடை சட்டையோடு முன்னால் நடக்கவிட்டு, பத்தடி பின்னால் அவள் வருவாள். ஊரே அந்த இரண்டு பாவாடைகளையும் பார்க்கும். பார்க்கிறதை அவள் பார்த்துக்கொண்டே வருவாள்.

பாவாடை தைப்பதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. பிள்ளையின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சாண் போட்டு அளப்பாள். அதற்கு மேல் ஒரு சாண் கூட்டித்தான் வெட்டுவாள். கூட்டி வெட்டிய துணியைக் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே, குறுக்காக, மூன்று வரியாக மடித்துத் தைத்துவிடுவாள். டக் பிடிப்பது என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு டக்கிலும் மூன்று விரக்கடைத் துணி ஒளிந்திருக்கும். வருசத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பிள்ளையோடு பாவாடையும் வளரும். பிரித்த இடத்தில் வெயிலும் சோப்பும் படாத துணி புதுக் கருக்கோடு ஒரு பட்டையாகத் தெரியும். போகிப் பண்டிகை அன்று பகலில்தான் டக் பிரிப்பாள். பிள்ளைகள் இரண்டும் வாசல் கல்லின் மேல் ஏறி நிற்கும். அவள் கீழே குந்தி உட்கார்ந்து, ஊசி முனையால் தையலைக் கெல்லி, நூலை உருவுவாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய்க்கு இதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"ஏன்டி செங்கமலம், அந்தப் பாவாடைக்குள்ள இன்னும் எத்தன பாவாடைய ஒளிச்சு வச்சிருக்க? கல்யாணத்தன்னைக்கும் இதையே பிரிச்சு வுட்டு அனுப்பிருவ போலிருக்கே."

"போங்கக்கா" என்பாள் செங்கமலம். அதற்கு மேல் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் கேலி அவளுக்குப் பிடித்திருந்தது.

எழுபத்தைந்தாம் வருசம் புரட்டாசியில், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அமிர்தத்துக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு வயது அப்போது. முதலில் தொண்டை வலி என்றாள். தொண்டை சரியான பிறகு முட்டி வலித்தது. இடது முட்டி வீங்கி, அது வற்றியதும் வலது முட்டி வீங்கியது. பிள்ளை எழுந்து நடக்கவில்லை; சோற்றுத் தட்டுக்குத் தவழ்ந்து வந்தாள்.

"வளர்ற புள்ளைக்கு முட்டி வலிக்கத்தான் செய்யும். எலும்பு நீளுதுல்ல" என்றாள் பொன்னுத்தாய். "எம்மவனுக்கும் இப்படித்தான். ஒரே வருசத்துல பனமரமா நிமிந்துட்டான். வெளக்கெண்ணெயக் காச்சித் தடவு. ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?"

விளக்கெண்ணெய் தடவினார்கள். நொச்சி இலை வதக்கிக் கட்டினார்கள். மூன்று வாரத்தில் வலி விட்டது. தீபாவளிக்குப் பிள்ளை நடந்தாள். அந்த வருசத்துத் துணி கெட்டியான பச்சைச் சீட்டி, மஞ்சள் பூப் போட்டது. செங்கமலம் எப்போதும்போல ஒரு சாண் கூட்டி அளந்தாள். பிறகு யோசித்துப் பார்த்து, இன்னும் மூன்று விரக்கடை கூட்டினாள். அமிர்தத்தின் பாவாடைக்கு மட்டும் நாலு டக் வைத்தாள்.

"அதென்ன அவளுக்கு மட்டும் நாலு?" என்று தர்மன் கேட்டான்.

"இந்த வலி வலிச்சிருக்கே. அவ ஒசரமா வருவா பாருங்க" என்றாள்.

அன்றைக்கு அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள். நாலாவது டக்கை மற்ற மூன்றைவிடப் பொடித் தையலாகப் போட்டாள்.

அடுத்த இரண்டு போகிக்கும் ஒவ்வொரு டக் பிரித்தாள். இரண்டாவது முறை பிரித்தபோது பாவாடை லேசாகத் தரையைத் தொட்டது. இருக்கட்டும், சீக்கிரம் எட்டிவிடும் என்று விட்டுவிட்டாள். அந்த வருசக் கடைசியில்தான் புயலும் வெள்ளமும் வந்தன. கொள்ளிடம் கரை புரண்டு, நட்ட வயலெல்லாம் மணல் மூடிப் போயிற்று. வேலை இல்லை. பொங்கலுக்கு யார் வீட்டிலும் புதுத் துணி எடுக்கவில்லை. போகியன்று அமிர்தத்தை வாசல் கல்லில் நிற்க வைத்தபோது, பச்சைப் பாவாடை கணுக்காலில் சரியாக நின்றது. பிரிக்கத் தேவையில்லை. இன்னும் இரண்டு டக் மிச்சம் இருந்தது.

செங்கமலத்துக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. வாயே திறக்காதவள், குழாயடியில் தானாகப் பேச்செடுத்தாள்.

"எம் மூத்தவ துணியோட அருமை தெரிஞ்சு வளர்றாக்கா. இந்த வருசம் ஒரு டக்கு கூடப் பிரிக்கல பாத்துக்கங்க."

"உனக்குன்னு வந்து பொறந்திருக்கா பாரு" என்றாள் பொன்னுத்தாய். "எம்மவ ஆறு மாசத்துக்கு ஒரு பாவாடய முழுங்குறா."

எல்லோரும் சிரித்தார்கள். செங்கமலமும் சிரித்தாள். பின்னாளில் அவள் வாழ்க்கையில் திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்த பேச்சு அது ஒன்றுதான்.

அதற்கடுத்த வருசமும் பிரிக்கத் தேவைப்படவில்லை. கொளஞ்சிக்கோ மூன்று டக்கும் தீர்ந்து, கீழ் விளிம்பையும் பிரித்து, வேறு துணியில் பட்டை கொடுத்தாயிற்று. செங்கமலம் இதையும் பார்த்தாள். சின்னவள் அவள் அப்பன் வாகு, நெடுநெடுவென்று வருகிறாள் என்று நினைத்தாள். அமிர்தம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மைல் கல்லில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள். அதற்குத் திட்டும் வாங்கினாள்.

"பெரிய வூட்டுப் பொண்ணாட்டம் என்னடி நட? கொளஞ்சி வந்து அர மணி நேரமாச்சு."

"மூச்சு வாங்குதும்மா."

"திங்கிறது பத்தல உனக்கு. சோத்த அளைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தா?"

எழுபத்தொன்பது ஆடியில் மாரியம்மன் திருவிழா. இரண்டு பிள்ளைகளையும் வளையல் கடைக்குக் கூட்டிப் போனாள். அரியலூரிலிருந்து வந்திருந்த வளையல்காரர் கொளஞ்சியைப் பார்த்து, "அக்கா, நீ மொதல்ல கைய நீட்டும்மா. தங்கச்சிக்கு அப்புறம் போடலாம்" என்றார்.

கொளஞ்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான்தான் தங்கச்சி. இவதான் அக்கா."

"அட, நெசமாவா?" என்று அவர் செங்கமலத்தைப் பார்த்தார். கெட்ட எண்ணத்தில் பார்க்கவில்லை. செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றாள். அமிர்தம் கையை நீட்டவே இல்லை. வளையல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் களையெடுத்துவிட்டு வந்தபோது அமிர்தம் பச்சைப் பாவாடையோடு வாசலில் நின்றாள்.

"யம்மா, ஒரு டக்கு நானே பிரிச்சுட்டேன். எட்டல, ஒசந்து போச்சு."

செங்கமலம் பார்த்தாள். மூன்றாவது டக் பிரிந்து புதுப் பச்சை தெரிந்தது. பாவாடை கணுக்காலில் அளவாக நின்றது. வளையல்காரர் கேட்டதிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது போல இருந்தது. "அப்பாடி" என்று வாய்விட்டே சொன்னாள். அன்றைக்குப் பிள்ளைக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுமுறை. உச்சி வெயிலில் கிணற்றடியில் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்தாள். கொளஞ்சி குளித்துவிட்டு ஓடிவிட்டாள். அமிர்தம் பாவாடையை அவிழ்க்கமாட்டேன் என்று அடம் பிடித்தாள். எப்போதும் இல்லாத வெட்கமாக இருக்கிறதே என்று, "எங்கிட்ட என்னடி?" என்று சொல்லிக்கொண்டே செங்கமலம் சட்டையைத் தூக்கினாள்.

பாவாடை நாடா இடுப்பில் இல்லை. விலா எலும்பின் மேல், மார்புக்கு இரண்டு விரல் கீழே, இறுக்கிக் கட்டியிருந்தது. சட்டையைத் தொளதொளவென்று இறக்கி அதை மறைத்திருந்தாள். நாடாவை அவிழ்த்தபோது அந்த இடத்தில் தோல் கறுத்துப் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் கட்டிய தடம் இல்லை அது.

"என்னடி இது?"

பிள்ளை சட்டையை இழுத்து மூடப் பார்த்தாள்.

"ஏன்டி இப்படிக் கட்டுன? சொல்லு."

"எட்டலன்னு சொன்னாத்தானே வளர்றேன்னு நெனைப்ப." அமிர்தம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இல்லாட்டி கொளஞ்சி போட்டுக் கழிச்ச துணி எனக்கு வந்துரும்."

செங்கமலம் அந்தத் தடத்தின் மேல் எண்ணெயைத் தடவினாள். தடவிய கை அங்கேயே நின்றுவிட்டது. விலா எலும்புக்கு இடையில் தோல் துடித்தது. கண்ணுக்கே தெரிகிற மாதிரி துடித்தது. கோழிக்குஞ்சு ஒன்றைத் துணிக்குள் பொத்திப் பிடித்தது போல, அவள் உள்ளங்கையில் அது தூக்கித் தூக்கிப் போட்டது. தன் பிள்ளையின் அளவு அத்தனையும் கையில் வைத்திருந்தவள், இதை மட்டும் இத்தனை வருசமாகத் தொடவே இல்லை.

திருமானூர் டாக்டர் காதில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தர்மனும் அவளும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் தங்க வைத்துப் படம் எடுத்தார்கள். நாலாம் நாள் வயதான டாக்டர் ஒருவர் இருவரையும் கூப்பிட்டார்.

"சின்ன வயசுல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

"ஏழு வயசுல வந்துச்சுங்க" என்றான் தர்மன்.

"அப்ப யாருகிட்டயாவது காமிச்சீங்களா?"

"இல்லீங்க. வளர்ற வலின்னு..." தர்மன் செங்கமலத்தைப் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"முட்டியில வந்த காய்ச்சல்தாம்மா நெஞ்சுக்கு ஏறிருக்கு. இதயத்துல கதவு மாதிரி ஒண்ணு இருக்கும். அது சுருங்கிப் போச்சு. ரத்தம் சரியா ஓடல. அதான் புள்ள வளரல. அப்பவே வந்திருந்தா ஊசி போட்டே காப்பாத்திருக்கலாம்."

"மெட்ராஸுக்குக் கொண்டு போனா ஆபரேஷன் பண்ணுவாங்கன்னு வெளிய பேசிக்கிட்டாங்க சார்" என்றான் தர்மன்.

"நானும் போன் போட்டுக் கேட்டுட்டேன். நுரையீரலும் கெட்டுப் போச்சு. தாங்கமாட்டா. மூணு வாரத்துக்கு ஒருக்கா ஊசி போடுங்க. மாத்திரய நிறுத்தக் கூடாது. ஓட விடாதீங்க. இருக்கிற வரைக்கும் நல்லா வச்சுக்குங்க."

அதுவரை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற செங்கமலம் வாயைத் திறந்தாள்.

"இனிமே வளருவாளா சார்?"

டாக்டர் மாத்திரைச் சீட்டைத் தர்மன் கையில் கொடுத்தார். "அத நெனைக்காதீங்கம்மா" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அமிர்தம் அப்பன் மடியில் தூங்கினாள். பதினோரு வயதுப் பிள்ளை, மடி கொள்ளும் அளவு இருந்தாள். செங்கமலம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். முட்டி வலி விட்ட அந்த ஐப்பசியில் தான் நாலாவது டக் தைத்தது மட்டும் ஞாபகத்தில் ஓடியது. எந்தப் பக்கம் உட்கார்ந்து தைத்தாள், நூல் எத்தனை தரம் அறுந்தது, எல்லாம். கொள்ளிடம் வந்தபோது மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் கை மடியிலேயே கிடந்தது.

அதன் பிறகு நாலு வருசம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. செங்கமலம் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் தைப்பதை விட்டுவிட்டாள். ஒரே துணி என்றால் பார்க்கிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்துவிடுவார்கள். கொளஞ்சிக்குச் சிறிதாகிப்போன உடுப்பை ஒருநாளும் அப்படியே மூத்தவளுக்குக் கொடுக்கவில்லை. முழுக்கப் பிரித்து, துணியின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, கழுத்தை மாற்றி, கைக்குச் சுருக்கு வைத்துப் புதிதாகத் தைத்துக் கொடுப்பாள். அமிர்தம் வாங்கிப் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்பாள். எதிலிருந்து வந்த துணி என்று அவளுக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துகொள்வாள். பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும், நூல்கண்டு வெயிலில் வெளுத்துப் போகாமல் பார்ப்பதும்தான் வேலை. ஆனாலும் ஒவ்வொரு உடுப்பிலும், பழக்கத்தில், செங்கமலம் ஒரு டக்காவது வைத்துத்தான் தைத்தாள்.

எண்பத்து நாலாம் வருசம் மாசியில் கொளஞ்சி வயதுக்கு வந்தாள்.

தாய்மாமன் நல்லதம்பி வரதராஜன்பேட்டையிலிருந்து வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டினான். பதினாறு நாள் கொளஞ்சி குச்சில் இருந்தாள். வயதுக்கு வராத பிள்ளை என்பதால் அமிர்தமே அவளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்தடி தூரத்துக்கு இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவாள். சோறு கொண்டுபோனவள் அங்கேயே உட்கார்ந்துகொள்வாள். இரண்டும் உள்ளே குசுகுசுவென்று பேசிச் சிரிப்பது கேட்கும். தண்ணீர் ஊற்றுகிற அன்று நல்லதம்பி தாம்பாளத்தில் அரக்குத் தாவணி, பாவாடை, பூ, பழம் எல்லாம் வைத்துக் கொண்டுவந்தான். கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "மூத்தவ குத்துக்கல்லாட்டம் இருக்க, இளையவ முந்திட்டாளே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் கேட்டது.

நல்லதம்பி அக்காளைத் தனியே கூப்பிட்டான். "அமிர்தத்துக்கும் ஒரு துணி எடுத்தாந்திருக்கணும்க்கா. என்னத்த எடுக்கிறதுன்னு தெரியல. கவுனா, பாவாடயான்னு கடயில நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

"பரவால்ல தம்பி" என்றாள் செங்கமலம்.

எல்லோரும் போன பிறகு, வாழை இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அமிர்தம் வந்து பக்கத்தில் நின்றாள். பதினைந்து வயது முடிந்திருந்தது. நின்றால் அம்மாவின் நெஞ்சளவுதான் இருந்தாள்.

"யம்மா, எனக்கும் தாவணி வேணும்."

செங்கமலம் விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும், அதுக்கு வயசுக்கு வரணும்னு. நான் வரமாட்டேன்னும் தெரியும். ஒரே ஒரு நா கட்டிக்கிறேன்."

தர்மன் கேட்டுவிட்டுத் தயங்கினான். "ஊரு என்னத்தச் சொல்லும்?" என்றான். செங்கமலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளே அரியலூர் போய், நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணியும், வெள்ளை வாயில் துணித் தாவணியும் எடுத்து வந்தாள். வேப்பமரத்தடியில் அதை விரித்தபோது பொன்னுத்தாய் வந்து நின்றாள். அன்றைக்கு அவள் கேலி பேசவில்லை.

"வேணாம்டி செங்கமலம். சடங்கு ஆவாத புள்ளைக்குத் தாவணி போட்டா தெய்வக் குத்தம்."

"இனிமே என்ன குத்தம்க்கா வரப்போவுது?" என்றாள் செங்கமலம்.

பொன்னுத்தாய் வேலியைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஒன்பது நாள் தைத்தாள். மிஷினில் வராத அளவுக்குப் பொடித் தையல். ரவிக்கைக்கு உள்ளே மல்லுத் துணி வைத்து, எலும்பு உறுத்தாமல் பார்த்துக்கொண்டாள். பாவாடை இடுப்பில் நெருக்கிச் சுருக்கு வைத்தாள். பெரிய பிள்ளைகளின் பாவாடை மாதிரி சுழன்று விழ வேண்டும் என்று மனசில் இருந்தது. அமிர்தத்தைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சாண் போட்டாள். அளந்த இடத்தில் விரல் நகத்தால் கீறி, கத்திரியை வைத்தாள். விளிம்பை ஒரு விரல் மடித்து முடித்தாள்.

பத்தாம் நாள் காலையில் எடுத்துக் கொடுத்தாள். அமிர்தம் பாயில் உட்கார்ந்து ரவிக்கையைப் பார்த்தாள். தாவணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பாவாடையை எடுத்து, எந்தப் புதுப் பாவாடை கைக்கு வந்தாலும் செய்வது போல, கீழ் விளிம்பைப் புரட்டி உள்பக்கமாகத் தடவினாள். ஒரு சுற்று தடவினாள். மறுபடியும் ஒரு சுற்று.

"டக்கு வக்கலியாம்மா?"

அப்போதுதான் செங்கமலத்துக்கே தெரிந்தது. வைக்கக் கூடாது என்று அவள் நினைக்கவில்லை. வைக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பதினைந்து வருசத்தில் முதல் தடவையாக, அவள் கை பிள்ளையின் அளவுக்குச் சரியாக வெட்டிவிட்டிருந்தது. ஒன்பது நாளும் தைத்துக்கொண்டே இருந்தும் அது அவள் கண்ணில் படவில்லை.

"துணி பத்தலடி" என்றாள்.

தையல் கூடையில் நீலத் துணி மிச்சம் இருந்தது. இரண்டு முழ நீளம் இருக்கும், அகலம் ஒரு சாணுக்கு மேல். அமிர்தம் அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கொளஞ்சிக்குப் போன வாரம் தைத்த பாவாடையில் இரண்டு டக் இருப்பதை அவளும் பார்த்திருந்தாள். நூல் கோத்துக் கொடுத்ததே அவள்தான். அவள் முகத்தில் அழுகை வரவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சரிதான் என்று தெரிந்துகொண்ட பிள்ளை மாதிரி, சும்மா இருந்தாள்.

செங்கமலம் ஏதாவது சொல்லப் பார்த்தாள். பெரிய பிள்ளைகள் பாவாடைக்கு டக் வைக்கமாட்டார்கள் என்று சொல்லலாம். நினைப்பில்லாமல் வெட்டிவிட்டேன் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது பிள்ளைக்குத் தெரிந்ததை மாற்றாது.

"கட்டிப் பாக்கட்டுமா?" என்று அமிர்தம்தான் முதலில் பேசினாள்.

கட்டிவிட்டாள். பாவாடை நாடாவை இடுப்பிலேயே கட்டினாள். தாவணியைச் சுற்றித் தோளில் போட்டு ஊக்குக் குத்தினாள். கொளஞ்சி ஓடிவந்து பார்த்து, "எனக்கு எடுத்தத விட இதுதான்டி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏனோ உள்ளே போய்விட்டாள். அமிர்தம் வாசல் வரை நடந்து, தெருவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியதும் திரும்பி வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தாவணியை அவிழ்த்து மடித்தாள். பிறகு பாவாடையையும் மாற்றிக்கொண்டு வந்து அதை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"ஒரு டக்காவது வச்சுக் குடும்மா."

"வச்சா ஏறிக்குமேடி. அளவாத்தானே வெட்டிருக்கு."

"அதான் துணி கெடக்குல்ல. சேத்துத் தையி."

செங்கமலம் மிச்சத் துணியை எடுத்தாள். நீளவாக்கில் பட்டை பட்டையாகக் கிழித்து, ஒன்றோடொன்று மூட்டினாள். பாவாடையின் விளிம்பைப் பிரித்து, அந்தப் பட்டையைச் சேர்த்து வைத்தாள். புள்ளிக்குப் புள்ளி ஒத்துப் போகும்படி பார்த்துச் சேர்த்தாள். அமிர்தம் ஊசியில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு நீட்டினாள்.

"எப்பவும் போல மூணு விரக்கடையா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"நாலு வை."

"அம்புட்டா?"

"ஆமா. கொளஞ்சியவிட ஒசரமா வரணும்ல."

சொல்லிவிட்டு அமிர்தம் சிரிக்கவில்லை. செங்கமலமும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளை மரத்தில் சாய்ந்துகொண்டு வாயால் மூச்சு விட்டாள். தாய் நாலு விரலைச் சேர்த்துத் துணியின் மேல் வைத்து, அந்த அளவுக்கு மடித்து, முதல் தையலைப் போட்டாள்.